ஒரு வரி பதில்

அவன் வருகிற நாளில்கூட முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளே என்று பூங்காவனம் வாசற்படி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே போனாள். "நல்ல நாளும் அதுவுமா பீடித் தூளைத் தொட்டுக்கினு கீறியே, கை நாறாதா? எழுந்து தலையை வாரி ஒரு முழம் பூ வச்சிக்கமே. என் தம்பி சண்டையிலேர்ந்து உசிரோட வரான்." "இதோ அண்ணி," என்றாள் நவநீதம். சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. அண்ணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிறாள். தேன்மொழிக்குப் புதுக் கவுன். அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருக்கிற தொப்பிக்காரர். காலையில் தலை பின்னும்போது கேட்டாள், "அம்மா, அப்பா வந்தா நான் எங்க படுத்துக்கறது?" நவநீதம் பின்னலை இறுக்கிவிட்டாள், குழந்தை ஆ என்றது. இறுக்கியது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று இப்போதுவரை அவளுக்குப் புரியவில்லை. தெருவில் அவர்கள் பேச்சுக்குரல் தேய்ந்து போயிற்று. வீட்டில் கறிக்குழம்பு வாசனையும் புகையிலை வாசனையும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றன. கத்தரி வெயில் ஓட்டின் சந்து வழியாக இறங்கித் தரையில் காசு காசாகக் கிடந்தது. காட்பாடியில் ரயில் எப்போதோ வந்திருக்கும், அங்கிருந்து குடியாத்தம், குடியாத்தத்திலிருந்து இந்த ஊர் பஸ். டிரங்குப் பெட்டியைக் கூரைமேல் ஏற்றச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். எந்த ஆள் உட்கார்ந்திருப்பான்? அவள் கை இலையை எடுத்தது. தூளை வைத்தது. உருட்டியது. இன்றைக்கு யாரும் அவளைப் பீடி கேட்கவில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது.

இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. மற்ற பெண்களைப்போல பீடியின் நுனியை அழுத்தி மூட அந்த விரலால் முடியாது, மோதிர விரலை வைத்து ஒரு மாதிரி சமாளித்துக்கொள்வாள், பார்க்கிறவர்களுக்கு அது அவளுடைய பாணி என்று தோன்றும். எந்த லீவில் ஆனது அது? நான்காவது லீவு. அவளுக்குக் கல்யாண வாழ்க்கை என்பது லீவுகள்தான். வருஷத்தில் பத்து மாசம் புருஷன் தணிகாசலம் பட்டாளத்தில், பெயர் தெரியாத ஊர்களில் இருப்பான், இரண்டு மாசம் இங்கே இருப்பான். முதல் லீவில் சினிமாவுக்குக் கூட்டிப்போனான், வேலூர்க் கோட்டை அகழியைக் காட்டினான். இரண்டாவது லீவில் குழம்பில் உப்பு. மூன்றாவதில் அவள் தம்பி சொல்லாமல் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. நான்காவதில் என்ன காரணம்? விரல் நினைவிருக்கிறது, காரணம் மறந்துவிட்டது. எதிர்த்துப் பேசினாள் என்றோ, பேசாமல் இருந்தாள் என்றோ. பேசினாலும் ஆகாது, பேசாவிட்டாலும் ஆகாது. அடுப்பு மூலையில் அம்மிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் அடங்குகிற இடம் இருந்தது, அதில் போய்க் குந்திக்கொள்வாள், அங்கே முதுகு மட்டும்தான் வெளியே இருக்கும், முதுகு தாங்கும். லீவு முடிகிற வாரம் அவன் இளகிப்போவான். பஸ் ஏறும்போது கண் கலங்கும். ஊர்க்காரர்கள், பெண்டாட்டிமேல் உசிரையே வைத்திருக்கிறான் என்பார்கள். அப்புறம் பத்து மாசம் கடுதாசி. நான் நலம், நீயும் குழந்தையும் நலமா, அக்காவை மரியாதையாகப் பார்த்துக்கொள், தேவையில்லாமல் எங்கும் போகாதே, ஆட்டை விற்காதே. உத்தரவுபோல வரும். ஐந்தாவது படித்தவள் அவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள், பூங்காவனத்துக்குப் படிக்க வராது. ஒவ்வொரு கடுதாசியையும் அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். அப்போதெல்லாம் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

வங்காளத்துச் சண்டை வந்தது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊரே நின்றது, நவநீதமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றாள். நம்முடைய படைகள் முன்னேறுகின்றன என்று ரேடியோ சொல்லும், யாராவது திரும்பி அவளைப் பார்ப்பார்கள், அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்குள் அப்போது என்ன இருந்தது? பயம் இருந்தது. பயம் அவளுக்குப் பழகினதுதான். ஆனால் அவனை நினைத்துப் பயப்படுவதும் அவனுக்காகப் பயப்படுவதும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது, எது எதுவென்று அவளால் பிரிக்க முடியவில்லை. சண்டை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கடுதாசி வந்தது. சண்டைக்கு நடுவே எழுதியது, எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேர்ந்திருந்தது. எழுத்து கோணலாக, பென்சிலில். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து "படிமே, படி" என்றாள். நவநீதம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனாள், நான் நலம், சாப்பாடு நேரத்துக்கு வருவதில்லை, இங்கே எங்கு பார்த்தாலும் சேறு. அடுத்த வரிக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. "இன்னாமே?" "எழுத்து அழிஞ்சிருக்குது அண்ணி." எழுத்து அழியவில்லை. நேற்றுப் பொழுதுசாய குண்டு விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குழிக்குள் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு குந்திக்கொண்டேன். நிற்காதா நிற்காதா என்று இருந்தது. அப்போது உன் ஞாபகம் வந்தது நவநீதம். நீ அடுப்பு மூலையில் இப்படித்தான் குந்துவாய். அது எப்படி இருக்கும் என்று நேற்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் பெரிய பாவி. அப்படி எழுதியிருந்தான். அவள் மிச்சத்தை மனசுக்குள் படித்தாள், வாயால் வேறு எதையோ சொன்னாள், ஆட்டை விற்க வேண்டாமாம், குழந்தைக்குச் சட்டை எடுக்கச் சொல்கிறாராம். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டு, "என் தம்பிக்கு அந்த நேரத்துலயும் குடும்பத்து நெனப்புதான்," என்று அழுதாள்.

முதலில் நவநீதமும் அழுதாள். கொல்லையில் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை வலிக்க அழுதாள். யாரோ ஒருத்தர் கடைசியில் பார்த்துவிட்டார்கள் என்று அழுதாள். அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை அந்த மூலையை. அப்புறம் ஒரு வாரம் போயிருக்கும், இதேபோல முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒன்று வந்து நெஞ்சில் இடித்தது. கை தலைமேல், தலை முழங்காலுக்குள். எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறான்! கோபத்தில் அவனுக்குக் கண் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ரத்தம் தலைக்கு ஏறிவிடும், யார் என்ன என்று தெரியாது, அடங்கியதும்தான் மனுஷனாவான். அப்படித்தான் அவளே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள், அதை நம்பித்தான் ஒவ்வொரு லீவுக்கும் வாசல் தெளித்தாள். கண் தெரியாமல் இருந்தவனுக்கு அவள் எப்படிக் குந்தினாள் என்று எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டேதான் அடித்திருக்கிறான். அவள் கை எங்கே இருந்தது, தலை எங்கே போயிற்று, எல்லாம் பார்த்து, அது மனசில் பதிந்து, இத்தனை வருஷம் அங்கே பத்திரமாக இருந்து, தனக்கு என்று ஒரு குண்டு வந்து விழுந்தபோது எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் வலியை அவன் தெரிந்துகொள்ள ஒரு தேசம் சண்டைக்கு வர வேண்டியிருந்தது. சே, அப்படி நினைக்கக் கூடாது. மனுஷன் திருந்தி எழுதுகிறான். எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்? அவள் தெரு முழுக்க நினைத்துப் பார்த்தாள், எந்த வீட்டு ஆம்பிளையும் நினைவுக்கு வரவில்லை. அப்படியானால் அவள் கொடுத்து வைத்தவள். கொடுத்து வைத்தவளுக்கு ஏன் நெஞ்சு இப்படிக் கிடக்கிறது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். ஒரு பீடிக்கு நூல் கட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். நினைப்பு போய்ப் போய் அங்கேயே வந்து நின்றது, கயிற்றில் கட்டின மாடு முளைக்குச்சியைச் சுற்றி வருவதைப்போல.

இன்னொரு கடுதாசி இருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்குக் கஷ்டம் அதிகம். சண்டை முடிந்தபிறகு எழுதியது, மையில், நிதானமான எழுத்தில். இங்கே ஒரு குளம் இருக்கிறது. கரை வரைக்கும் அல்லி. அந்த ஊர்க் கிழவர் ஒருத்தர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது, அவர் வீடு எரிந்து கிடக்கிறது, எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்தால் ஒன்றும் பேச மாட்டாய், சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அதுபோதும் என்று தோன்றிற்று. இதைப் படித்த அன்றைக்கு அவள் கதம்பம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். யாருக்காக என்று அண்ணி கிண்டல் செய்தாள். யாருக்காக? அந்தக் குளத்தங்கரை ஆளுக்காகத்தான். அவனை அவளுக்கு முன்பின் தெரியாது, லீவில் ஒருதரமும் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. மெலிந்தவனாக, குரல் தாழ்ந்தவனாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனாக அவனை நினைத்துக்கொண்டாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அவன் வந்து ஒரு கை பிடிப்பான். தேன்மொழிக்குக் கதை சொல்வான். நாற்பது நாள் இருக்குமா, ஐம்பது நாள் இருக்குமா, அவனோடு அவள் குடித்தனம் செய்தாள், மனசுக்குள். யாருக்கும் தெரியாது. அதைவிட நல்ல நாள் அவளுக்கு வந்ததில்லை. தன் புருஷனை நினைத்துத் தன் புருஷனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அவன் கேட்க ஆரம்பித்தான். நான் மனசைத் திறந்து எழுதினேன், நீ ஆடு குட்டி போட்டதை எழுதியிருக்கிறாய். அடுத்ததில், நான் எழுதியது கிடைத்ததா இல்லையா. அவளும் எழுதத்தான் உட்கார்ந்தாள். நீங்கள் எழுதியதைப் படித்தேன் என்றுவரை எழுதுவாள். அதற்குமேல் பேனா நகராது. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம், எழுதுகிறது பெரிய விஷயமா, எட்டு ஒன்பது எழுத்து. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டுமே. அவன் உண்மையாக எழுதியிருக்கிறான், அதற்குப் பொய்யாக ஒன்றை எழுதி அனுப்பக் கூடாது என்று இருந்தது அவளுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அவளிடம் ஓர் உண்மையைக் கேட்டிருக்கிறான், இருந்தால்தானே கொடுப்பாள்? வரும், கொஞ்ச நாள் போனால் வரும், உள்ளே எங்கேயோ அது முளைவிடுகிற மாதிரித்தான் இருக்கிறது, அந்தக் குளத்துக் கடுதாசியைப் படிக்கும்போதெல்லாம் அசைகிறது. அதைப் பிடுங்கிப் பார்க்காமல் விட்டால் வரும். இதை அவனுக்கு எப்படி எழுதுவது? கடைசியில், மழை இல்லை, தேன்மொழி அ ஆ எழுதுகிறாள், அண்ணிக்கு முட்டிவலி என்று முடித்து அனுப்பிவிடுவாள். போன மாசம் வந்தது கடைசிக் கடுதாசி. திருவிழாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, இந்தத் தேதியில் வருகிறேன். அதற்குக் கீழே: ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய். நான் இவ்வளவு இறங்கி வந்தும் உனக்கு இறங்கவில்லை. உனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வந்து பேசிக்கொள்கிறேன். அந்தக் கடைசி வார்த்தையை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழைய எழுத்து. வந்து பேசிக்கொள்கிறேன். அதை அன்பாகவும் படிக்கலாம். உட்கார்ந்து ஆற அமரப் பேசுவோம் என்று அர்த்தம் பண்ணலாம். அவள் அப்படியும் படித்துப் பார்த்தாள், இப்படியும் படித்துப் பார்த்தாள், குரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எல்லையில் குண்டு போட்டவன் அப்புறம் இவனுக்குக் கடுதாசி போட்டு, மன்னிச்சிட்டேன்னு எழுது, ஏன் இன்னும் எழுதலை என்று கேட்டிருந்தால் இவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள், சிரித்ததும் பயந்து வாசலைப் பார்த்தாள்.

வாசலில் வெயில்தான் இருந்தது. எதிர்வீட்டு நாய் நிழல் தேடிச் சுவரோரமாகப் போயிற்று. இன்னும் நேரம் இருக்கிறது. பஸ் எப்போதும் தாமதம். வராமலேகூட இருக்கலாம், வழியில் பஞ்சராகி நிற்கலாம். பஞ்சர் ஆனால் இன்னும் ஒரு பொழுது கிடைக்கும். யசோதாவின் ஞாபகம் ஏன் இப்போது வருகிறது? பக்கத்து ஊர் யசோதா. அவள் புருஷன் அந்தச் சண்டையில் போய்விட்டான், தந்திதான் வந்தது, உடம்பு வரவில்லை. நவநீதம் துக்கம் கேட்கப் போயிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள் யசோதா, "ஒரு வார்த்த அதட்டினதில்லடி என்னை, ஒரு வார்த்த," என்றாள். சுவரில் மாலை போட்ட படம். உண்மையாகவே அதட்டாதவனா, இல்லை செத்தபிறகு அப்படி ஆனவனா? இனிமேல் யாருக்குத் தெரியும். அவன் அப்படியே இருப்பான். ஒரு நாளும் அந்தப் படத்திலிருந்து இறங்கி வந்து குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டான். அப்போதுதான் அது முதல்தடவை வந்தது, துக்க வீட்டில் வைத்தே. குளத்துக் கடுதாசி எழுதின கையோடு, அந்தக் கரையிலேயே, ஏதாவது ஒன்று. வேண்டாம். அங்கே நிறுத்து. ஆனால் நினைப்பு நிற்கவில்லை, பீடியை உருட்டுகிற வேகத்தில் அது ஓடி முடித்துவிட்டது. அந்தக் கரையிலேயே அவன் போயிருந்தால் அந்த ஆள் அவளுக்கு நிரந்தரமாகக் கிடைத்திருப்பான். அந்தக் கடுதாசி ஆயுசுக்கும் உண்மையாக இருந்திருக்கும். அவளும் உண்மையாகவே அழுதிருப்பாள், யசோதாவைவிட அதிகமாக, அவளுக்கு மன்னிப்பும் வந்திருக்கும், கேட்காமல், தானாக, பெருகிக்கொண்டு. அடிப் பாவி! அவள் இலையைக் கீழே போட்டாள். தாலிச் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கெங்கையம்மா, தாயே, நான் அப்படி நினைக்கவில்லை. அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அந்த அம்மனுக்குத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறாள், இந்தத் திருவிழாவுக்குச் சிரசு ஊர்வலம் வரும்போது வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறேன் என்று. வருஷா வருஷம் பார்க்கிறாள் அந்தச் சிரசை. மஞ்சளும் குங்குமமும் கண் நிறைய மையுமாக, தலை மட்டும் தனியாக, ஜனக்கடல்மேல் மிதந்து வரும். புருஷன் சொல்லி, பெற்ற பிள்ளை வெட்டின தலை. அப்புறம் பிள்ளை கேட்டு, புருஷனே இரக்கப்பட்டு உயிர் கொடுத்தானாம். உயிர் வந்து எழுந்ததும் அவள் என்ன சொன்னாள்? கதை சொல்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. எழுந்தாள், தெய்வமானாள், அவ்வளவுதான். அவளிடமும் யாராவது போய், மன்னிச்சிட்டேன்னு சொல்லு என்று கேட்டிருப்பார்களா? இதையும் நினைக்கக் கூடாது. இன்றைக்கு ஏன் நினைக்கக் கூடாததாகவே வருகிறது. வெயில்தான். வெயிலில் மூளை உருகுகிறது. ஒருவேளை எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும். அவன் வருவான், திண்டாடிக்கொண்டு நிற்பான், அவன் எழுதினதைப் பற்றிப் பேசவே மாட்டான், வெட்கப்படுவான். பேசாமல் இருந்தால் போதும். ஒரு லீவு, இந்த ஒரே ஒரு லீவு, கை ஓங்காமல், கேள்வி கேட்காமல் அவன் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கப்புறம் அவளே எழுதுவாள், ஒரு வரி என்ன, பக்கம் பக்கமாக எழுதுவாள். அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், புகையிலை போகவில்லை, மறுபடி கழுவினாள். அப்போதுதான் பஸ் ஆரன் கேட்டது.

வந்தான். தெருவே கூட வந்தது. தேன்மொழி அத்தையின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியை யாரோ தூக்கி வந்து இறக்கினார்கள். தணிகாசலம் பாதியாகியிருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது, காதோரம் நரைத்திருந்தது. பூங்காவனம் ஆரத்தி சுற்றிக் கொட்டும்போது அவன் குழந்தைபோலத் தலை குனிந்து நின்றான், அவன் கண் ஜனங்களுக்கு நடுவே நவநீதத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உடனே தரைக்குப் போயிற்று. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவன்தான். குளத்தங்கரை ஆள்தான் வந்திருக்கிறான்! ஊர்க்காரர்கள் சண்டையைப் பற்றிக் கேட்டார்கள், பீரங்கி எப்படி இருக்கும், எத்தனை பேரைச் சுட்டாய். அவன் "அதெல்லாம் இன்னாத்துக்கு," என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நினைத்தபடியே, மடியில்.  ஒருத்தர் ஒருத்தராகக் கலைந்தார்கள். பூங்காவனம் குழந்தையை அழைத்துக்கொண்டு, வாழையிலை அறுத்துக்கொண்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனாள். போகும்போது கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

நவநீதம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் கீழே வைத்தான், குடிக்கவில்லை.

"எளைச்சிட்டே," என்றான்.

"நீங்கதான் எளைச்சிட்டீங்க."

"நான் எழுதினதெல்லாம் வந்திச்சா?"

"வந்திச்சி."

"எல்லாமும்?"

"எல்லாமும்."

அவன் தலையை ஆட்டினான். சுவரில் தன் படத்தைப் பார்த்தான். "ராத்திரியில தூக்கம் வரலமே அங்க. உனக்கு எழுதினப்பறந்தான் தூக்கம் வந்திச்சி. நெஜமாத்தான் சொல்றேன்." குரல் உடைந்தது. "ஆனா நீ ஒண்ணும் எழுதல."

"எழுத வரலிங்க."

"ஆடு குட்டி போட்டது எழுத வந்திச்சி."

அவள் சொம்பை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சரி, எழுத வேணா. இப்ப சொல்லு. நான்தான் எதிர்ல உக்காந்துகினு கீறனே. வாயால சொல்லு."

அவள் தேடினாள். உண்மையாகவே தேடினாள். இவ்வளவு நாளும் உள்ளே அசைந்துகொண்டிருந்ததே, அது எங்கே. இருக்கிறது, அங்கேதான் இருக்கிறது, இந்த மெலிந்த கழுத்தைப் பார்த்தபோதுகூட அசைந்தது. இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தால், இரண்டு வாரம், அதுகூட வேண்டாம், இந்தத் திருவிழா முடியட்டும். எனக்குக் கொஞ்சம் நாள் ஆகும் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அவனுக்குப் புரியும். குண்டுச் சத்தத்தில் எல்லாம் புரிந்துகொண்டு வந்தவன். இதுவும் புரியும். அவள் வாயைத் திறந்தாள்.

"எவ்ளோ நேரம்மே கேக்கறது?" என்றான் அவன்.

சத்தம் போடவில்லை. குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அவனுடைய இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், தோலுக்கடியில் ஒன்று புடைத்து அடங்கிற்று. அது அவனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கொல்லையில் தேன்மொழியின் சிரிப்பு கேட்டது. பூங்காவனம் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"எப்பவோ மன்னிச்சிட்டேங்க," என்றாள் நவநீதம். அவள் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று. உப்பு போட மறந்துட்டேங்க, இனிமே என் தம்பிய இங்க வர வேணான்னு சொல்லிடறேங்க என்று சொன்ன அதே வாய். வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு தடங்கலும் இல்லை. "அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீங்க நல்லவரு."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அதில் ஒரு கள்ளமும் இல்லை. அவன் அவளுடைய இரண்டு கையையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான், தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அவள் உள்ளங்கை நனைந்தது. "இதுக்குத்தான்மே உசிரப் புடிச்சிக்கினு வந்தேன், இந்த ஒரு வார்த்தைக்குத்தான்," என்றான். அந்தக் குளத்தை எழுதினவன்தான் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் இருந்தான், பொய்யாக எழுதவில்லை. ஆனால் அவனும் அந்தத் தாடையும் ஒரே ஆள். இனிமேல் அவன் நிம்மதியாக இருப்பான். அவன் காலம் முழுக்க, சாகிறவரைக்கும், அவள் மன்னித்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு இருப்பான். இனி ஒருதரமும் கேட்க மாட்டான். என்றைக்காவது ஒருநாள் அது உள்ளே முளைத்து, வளர்ந்து, தானாக அவள் வாய்க்கு வந்தால்கூட, அப்போது எதைச் சொல்வாள்? அந்த வார்த்தை அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொம்பை எடுத்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் பார்த்து, "அக்கா, பசி உசிரு போவுது," என்று சந்தோஷமாகக் கத்தினான்.

நவநீதம் எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சோறு எடுத்து வைக்கப் போனாள்.